‘போதல்’ என்னும் வினையின் நெடும்பயணம்: ஸ்பானிய மொழி வரலாற்றில் ஒரு சொல்

ஒரு மொழியைப் புதிதாகக் கற்பவர்களை வருத்துவன பெரிய சொற்கள் அல்ல, சிறிய சொற்களே. இரு, போ, வா, செய், சொல் என்பன போன்ற அன்றாட வினைகள்தாம் பல மொழிகளில் விதிக்கு அடங்காமல் நிற்கின்றன. அரிதாக வழங்கும் சொல், இலக்கண வாய்பாட்டிற்குப் பணிந்து நடக்கிறது. நாள்தோறும் நூறுமுறை நாவில் புரளும் சொல்லோ தன் மனம்போல் நடக்கிறது. இலக்கண ஆசிரியர்கள் இதனை ‘ஒழுங்கற்ற வினை’ எனப் பெயரிட்டு, மனப்பாடம் செய்க என்று கூறி மேலே செல்வர். ஒழுங்கின்மை என்று நாம் அழைப்பது உண்மையில் ஒழுங்கின்மைதானா, அன்றி நம் கண்ணுக்குத் தோன்றாத பழைய ஒழுங்குகளின் எச்சமா என்னும் வினாவை எழுப்புவோர் சிலரே.

இவ்வினாவிற்கு விடைகாண ஸ்பானிய மொழியின் ‘ஈர்’ என்னும் வினை மிகவும் ஏற்றது. ‘போதல்’ என்பது இதன் பொருள். எழுத்தளவில் இதனினும் சிறிய வினை அம்மொழியில் இல்லை. ஆயின் அதன் காலங்களையும் நோக்குகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், ஈராயிரம் ஆண்டு வரலாறு அச்சிறு சொல்லுக்குள் அடுக்கடுக்காகப் படிந்து கிடப்பதைக் காணலாம். பேரரசு ஒன்றின் வீழ்ச்சி, மக்கள் கூட்டம் ஒன்றின் வெளியேற்றம், கடல்கடந்த ஆட்சி, விடுதலை பெற்ற நாடுகளின் மொழிக் கவலை ஆகிய யாவும் அதனுள் தடம் பதித்துள்ளன. அத்தடங்களைப் பின்பற்றிச் செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு வினை, மூன்று வேர்கள்

முதலில் வினையின் வடிவங்களைச் சுருக்கமாகக் காண்போம். நிகழ்காலத்தில் ‘வோய்’ என்றால் ‘போகிறேன்’. ‘வாஸ்’ என்றால் ‘போகிறாய்’. ‘வா’ என்றால் ‘போகிறான், போகிறாள்’. ‘வாமோஸ்’ என்றால் ‘போகிறோம்’. ‘வான்’ என்றால் ‘போகிறார்கள்’. வினையின் பெயரோ ‘ஈர்’. நிகழ்கால வடிவங்களிலோ அதன் சுவடே இல்லை.

இறந்தகாலம் இரு வகைப்படும். முடிந்த செயலைக் கூறும்போது ‘ஃபுயி’ (போனேன்), ‘ஃபுவே’ (போனான்), ‘ஃபுவேரோன்’ (போனார்கள்) என வரும். வழக்கமாக நிகழ்ந்ததை அல்லது நிகழ்ந்துகொண்டிருந்ததைக் கூறும்போது ‘ஈபா’ (போய்க்கொண்டிருந்தேன், போவது வழக்கம்) என வரும். எதிர்காலம் ‘இரே’ (போவேன்). ‘போயிருப்பேன், ஆனால்…’ என்பது போன்ற நிபந்தனைக் கூற்றுக்கு அடிப்படையான வடிவம் ‘இரீயா’.

இவை யாவும் செய்தியை உரைக்கும் நோக்கில் அமைந்தவை. இவற்றினும் வேறான ‘சார்பு நோக்கு’ ஒன்று அம்மொழியில் உண்டு. விருப்பம், ஐயம், அச்சம், நிபந்தனை ஆகியவற்றைச் சார்ந்து வரும் வினைக்கு உரியது அது. நம் வியங்கோளும் ‘போனால்’ என்னும் எச்சமும் சேர்ந்து ஆற்றும் பணியின் ஒரு பகுதியை அது ஆற்றுகிறது எனலாம். அதன் நிகழ்காலம் ‘வாயா’ (போகட்டும் என, போகுமாறு), இறந்தகாலம் ‘ஃபுவேரா’ அல்லது ‘ஃபுவேசே’, எதிர்காலம் ‘ஃபுவேரே’. இறுதியாக ஏவல் நோக்கு: ஒருவனை நோக்கி ‘வே’ (போ), பலரை நோக்கி ‘ஈத்’ (போங்கள்).

இவ்வடிவங்களைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். இங்கே இருப்பது ஒரு வினை அன்று, மூன்று வினைகள். ‘ஈர், ஈபா, இரே, இரீயா, ஈத்’ என்பன ஒரு குடும்பம். ‘வோய், வாஸ், வா, வாயா, வே’ என்பன மற்றொரு குடும்பம். ‘ஃபுயி, ஃபுவே, ஃபுவேரா, ஃபுவேரே’ என்பன மூன்றாவது. தமிழில் ‘வா’ என்னும் பகுதி ‘வருகிறான்’ என்றும் ‘வந்தான்’ என்றும் திரியும்போது, திரிவது ஒரே பகுதிதான். ஸ்பானியத்திலோ பகுதி திரியவில்லை; வேறு பகுதியே வந்து அமர்ந்துவிட்டது. மொழியியலார் கூறும் இந்நிகழ்வை ‘வேற்றடி ஏற்றல்’ எனத் தமிழில் வழங்கலாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. ஸ்பானிய ஒலிப்பில் ‘வ’ எழுத்திற்கும் மெல்லொலிப் ‘ப’ எழுத்திற்கும் வேறுபாடு இல்லை. எனவே ‘வோய்’ என எழுதப்படுவது செவியில் ஏறத்தாழ நம் ‘போய்’ போலவே கேட்கும். பொருளும் ‘போதல்’ ஆதலின், இரு மொழிக்கும் உறவு கற்பிக்க யாருக்கும் ஆசை எழும். ஆனால் அம்மொழியிலேயே ‘வா’ என்பது போதலைக் குறிக்க, நம் ‘வா’ வருதலைக் குறிக்கிறது. ஒலி ஒப்புமை ஒன்றைக் கொண்டு இனமுறை நாட்டல் எத்துணைப் பிழைபட்ட வழி என்பதற்கு இவ்விரு சொற்களே சான்று. சொற்களின் பிறப்பை ஒலியால் மட்டுமன்று, அவை நடந்துவந்த வழியாலும் அறிதல் வேண்டும்.

தேய்ந்த சொல்லும் துணைக்கு வந்த சொல்லும்

ஸ்பானிய மொழி இலத்தீனின் வழித்தோன்றல். இலத்தீனில் ‘போதல்’ என்பதற்கு உரிய வினை ‘ஈரே’. இதன் வேர் வடமொழியிலும் உண்டு. ‘இ’ என்னும் அவ்வேரிலிருந்து தோன்றிய ‘அயனம்’ என்னும் சொல்லை உத்தராயணம், தட்சிணாயனம் எனத் தமிழரும் நெடுங்காலமாக வழங்கி வருகிறோம். கதிரவன் வடக்கு நோக்கிப் போவதைக் குறிக்கும் சொல்லும், மாட்ரிட் நகரத் தெருவில் ஒருவன் ‘போவேன்’ என்பதற்குக் கூறும் ‘இரே’ என்னும் சொல்லும் ஒரே வேரின் கிளைகள். இஃது ஒலி ஒப்புமை அன்று. ஒப்பிலக்கணத்தால் நிறுவப்பட்ட உறவு.

இத்துணைத் தொன்மையான வினைக்கு ஒரு குறை இருந்தது. அது மிகவும் சிறியது. ‘போகிறாய்’ என்பதற்கு ‘ஈஸ்’; ‘போகிறான்’ என்பதற்கு ‘இத்’; ‘போ’ என்னும் ஏவலுக்கோ வெறும் ‘ஈ’. ஓரெழுத்தொருமொழிகளை நாற்பத்திரண்டு எனத் தொகுத்துக் கூறும் நன்னூல் மரபில் வந்த நமக்கு இதில் வியப்பில்லை. ஆனால் இலத்தீன் பேசிய பொதுமக்களின் வாயில் சொல்லிறுதி மெய்கள் தேய்ந்து மறையத் தொடங்கியபோது, இச்சிறு சொற்கள் அடையாளம் இழக்கும் நிலைக்கு வந்தன. கேட்போன் செவியில் நிற்காத சொல்லைப் பேசுவோன் கைவிடுகிறான். அதன் இடத்தில் உடலுரம் மிக்க வேறொரு சொல்லை அமர்த்துகிறான்.

அவ்வாறு வந்ததே ‘வாதெரே’ என்னும் வினை. பண்டை இலத்தீனில் விரைந்து செல்லுதல், துணிந்து முன்னேறுதல் என்னும் பொருட்சாயல் அதற்கு இருந்தது. பொதுவழக்கில் அச்சாயல் மங்கி, வெறும் ‘போதல்’ ஆயிற்று. இம்மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்த காலத்தின் சான்று, புனித ஜெரோம் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் செய்த இலத்தீன் விவிலிய மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. அங்கே ஒருவனை ஏவும்போது பழைய ‘ஈ’ மறைந்து ‘வாதே’ வருகிறது. பலரை ஏவும்போதோ ஈரசையுடைய ‘ஈத்தே’ நிலைத்து நிற்கிறது. அந்த ‘வாதே’ ஸ்பானியத்தில் ‘வே’ ஆயிற்று. ‘ஈத்தே’ என்பது ‘ஈத்’ ஆயிற்று. ஒருமை ஏவல் ஒரு குடும்பமாகவும் பன்மை ஏவல் மற்றொரு குடும்பமாகவும் இன்று நிற்பதற்குக் காரணம், பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன் நிகழ்ந்த இத்தேய்வே. எங்கே பழைய சொல் உரத்தோடு இருந்ததோ அங்கே அது தங்கியது. எங்கே மெலிந்ததோ அங்கே புதியது புகுந்தது. ‘ஈபா’ என்னும் தொடரிறந்தகால வடிவம் தப்பிப் பிழைத்ததும் அதன் ஒலியுரத்தாலேயே.

எதிர்கால வடிவமாகிய ‘இரே’ பழைய இலத்தீன் எதிர்காலத்திலிருந்து வந்தது அன்று. ‘போதல்’ என்னும் பெயரெச்சமல்லாத வினைப்பெயரோடு ‘உடையேன்’ என்னும் பொருளுடைய துணைவினை சேர்ந்து, ‘போதற்கு உடையேன்’ என்பது போன்ற தொடர் இறுகி ஒரு சொல்லாயிற்று. அன்றைய தொடர் இன்றைய விகுதி என்பது மொழிகளின் பொது இயல்பு.

இருந்தவனும் போனவனும்

மூன்றாம் குடும்பமே நம் கருத்தை மிகவும் கவர்வது. ‘ஃபுயி’ என்றால் ‘போனேன்’ என்று முன்னர்க் கூறினோம். அதே ‘ஃபுயி’ என்பதற்கு ‘இருந்தேன், ஆயினேன்’ என்னும் பொருளும் உண்டு. ‘செர்’ என்பது ஸ்பானியத்தின் இருத்தல் வினை. அதன் முற்றிறந்தகாலமும் ‘ஈர்’ வினையின் முற்றிறந்தகாலமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ‘ஃபுவே’ என ஒருவர் கூறினால், ‘அவன் இருந்தான்’ என்றோ ‘அவன் போனான்’ என்றோ இடம் நோக்கியே பொருள் கொள்ளவேண்டும். போர்த்துகீசிய மொழியிலும் இந்நிலையே உள்ளது.

இஃது எவ்வாறு நேர்ந்தது? ‘ஃபூயி’ என்பது இலத்தீனின் இருத்தல் வினைக்கு உரிய இறந்தகால வடிவம். அதன் வேரும் வடமொழியின் ‘பூ’ என்னும் ஆதல் வேரும் ஒன்றே. ‘பூதம்’, ‘பவம்’ என நம்மிடையே வழங்கும் சொற்கள் அவ்வேரின. ‘அவ்வூரில் இருந்தேன்’ என்று ஒருவன் கூறினால், அவன் அவ்வூர்க்குப் போனான் என்பது தானே பெறப்படும். ‘நான் காசிக்குப் போயிருக்கிறேன்’ என்னும் நம் வழக்கிலும் போதலும் இருத்தலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பேச்சு இலத்தீனில் இருத்தல் வினையின் இறந்தகாலம் ‘ஓர் இடத்துக்குச் சென்று வந்தேன்’ என்னும் பொருளைச் சிறிது சிறிதாக ஏற்று, ஐபீரியத் தீபகற்பத்தில் போதல் வினையின் முழு உரிமையையும் பெற்றுவிட்டது என்பது அறிஞர் கூறும் விளக்கம்.

இருத்தல் வினையாகிய ‘செர்’ என்பதும் கலப்பினமே. ‘ஏரா’ (இருந்தான்), ‘எஸ்’ (இருக்கிறான்) என்பன இலத்தீனின் இருத்தல் வினையாகிய ‘எஸ்ஸே’ வழி வந்தவை. ஆனால் ‘செர்’ என்னும் பெயரும் ‘சேயா’ என்னும் சார்பு நோக்கு வடிவமும் ‘செதேரே’ என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்தவை. அதன் பொருள் ‘உட்கார்தல்’. அம்மொழியின் மற்றோர் இருத்தல் வினையாகிய ‘எஸ்தார்’, ‘நிற்றல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினையின் வழித்தோன்றல். ஆக, உட்கார்ந்தவையும் நின்றவையும் சேர்ந்து அங்கே ‘இருத்தல்’ ஆயின. ‘இரு’ என்னும் ஒரே சொல்லால் உட்காரச் சொல்வதையும் உளதாதலையும் குறிக்கும் தமிழர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை. தொடர்பற்ற இரு மொழிகள் தனித்தனியே ஒரே எண்ணத்தை எட்டியிருப்பது மனித மனத்தின் ஒருமையைக் காட்டுகிறது.

இருந்தது, போனது இரண்டும் ஒரே சொல்லாக நிற்கும் மொழியில் கவிஞனுக்கு அஃது ஒரு புதையல். பதினேழாம் நூற்றாண்டின் பெருங்கவிஞர் பிரான்சிஸ்கோ தெ கெவேதோ (1580–1645), வாழ்க்கையின் விரைந்த கழிவைப் பாடிய ஒரு பதினான்கடிப் பாவில், இருத்தல் வினையின் முக்கால வடிவங்களையும் பெயர்ச்சொற்களாக்கித் தம்மையே அவற்றால் சுட்டிக்கொள்கிறார். வினைமுற்றுக்குப் பெயரின் முன்னடை சேர்ப்பது இலக்கண வழு. அவ்வழுவாலேயே அப்பாடல் நிலைபெற்றது. அதில் வரும் இறந்தகாலச் சொல் ‘ஃபுவே’ என்பதே. ‘இருந்தவன்’ என்னும் பொருள் முன்நிற்க, ‘போனவன்’ என்னும் நிழல் அதன் பின்னே தானே வந்து நிற்கிறது. அந்நிழலைக் கவிஞர் படைக்கவில்லை. மொழி முன்னரே படைத்து வைத்திருந்தது.

1492: ஓர் ‘இ’ என்னும் எழுத்து

ஸ்பானிய வரலாற்றில் 1492ஆம் ஆண்டு யாவரும் அறிந்தது. சனவரி 2ஆம் நாள் கிரனாதா வீழ்ந்தது. மார்ச் 31ஆம் நாள், கிறித்தவம் தழுவாத யூதர் அனைவரும் சூலைத் திங்கள் முடிவுக்குள் நாட்டை விட்டு வெளியேறவேண்டும் என்னும் ஆணை பிறந்தது. ஆகஸ்டு 3ஆம் நாள் கொலம்பஸ் கலமேறினார். ஆகஸ்டு 18ஆம் நாள் சலமாங்கா நகரில் ஒரு நூல் அச்சாகி வெளிவந்தது. அந்தோனியோ தெ நெப்ரிகா என்னும் அறிஞர் இயற்றிய கஸ்தீலிய மொழி இலக்கணம் அது. ஐரோப்பாவின் வழக்கு மொழி ஒன்றிற்கு முறையாக எழுதப்பட்டு அச்சேறிய முதல் இலக்கணம் என அறிஞர் அதனைப் போற்றுவர்.

அரசி இசபெல்லாவை நோக்கி எழுதிய முன்னுரையில், மொழி எப்பொழுதும் ஆட்சியின் துணையாகவே நடந்து வந்துள்ளது என நெப்ரிகா வாதிடுகிறார். இந்நூலால் பயன் என்ன என அரசி வினவியபோது, ஆவிலா நகரத்து ஆயர் குறுக்கிட்டு, வெல்லப்படும் வேற்றுமொழி மக்கள் வென்றவரின் சட்டத்தோடு மொழியையும் ஏற்கவேண்டி வரும், அப்பொழுது இது பயன்படும் என விடையிறுத்ததாகவும் அவரே பதிவு செய்துள்ளார். இலக்கணமும் வாளும் ஒரே உறையில் கிடந்த காலம் அது.

அரசியல் ஒருபுறம் இருக்க, நெப்ரிகாவின் செவி கூர்மையானது. எதிர்கால வடிவம் வினைப்பெயரோடு துணைவினை சேர்ந்து உண்டானது என்பதை அவர் கண்டு கூறினார். மற்றொரு சிறு குறிப்பையும் அவர் விட்டுச்சென்றார். அன்றைய வழக்கில் ‘இருக்கிறேன்’ என்பதற்குச் ‘சோ’ என்றும் ‘சோய்’ என்றும், ‘போகிறேன்’ என்பதற்கு ‘வோ’ என்றும் ‘வோய்’ என்றும் இரு வடிவங்கள் நிலவின. மிகச் சிறிய இச்சொற்களில் சிலவேளை அழகு கருதி ‘இ’ சேர்க்கிறோம் என்பது அவர் தந்த விளக்கம். ‘அங்கு’ எனப் பொருள்படும் பழைய இடைச்சொல் ஒன்று ஒட்டிக்கொண்டதே அந்த ‘இ’ எனப் பிற்கால ஆய்வாளர் ஒரு சாரார் கருதுவர். எவ்வாறாயினும், இலக்கண நூலில் ‘அழகு’ என்பது ஒரு காரணமாகக் கூறப்பட்டிருப்பது கவிஞர்கள் மகிழத்தக்க செய்தி.

பின்வந்த காலத்தில் ஸ்பெயினில் ‘இ’ சேர்ந்த வடிவமே வென்றது. இன்று அங்கே ‘வோ’ என்பார் இலர். ஆனால் அவ்வடிவம் இறந்துவிடவில்லை. அந்நூல் வெளிவருவதற்குச் சில நாள்களுக்கு முன் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட யூத மக்கள் அதனைத் தம்முடன் எடுத்துச் சென்றனர். அவர்களில் பலருக்கு இரண்டாம் பயசீத் சுல்தானின் உதுமானியப் பேரரசு இடமளித்தது. இஸ்தான்புல், சலோனிகா, இஸ்மீர் முதலிய நகரங்களில் அவர்தம் வழிவந்தோர் நானூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தம் ஸ்பானியத்தைப் பேசி வந்தனர். லதீனோ எனவும் யூத ஸ்பானியம் எனவும் வழங்கும் அம்மொழியில் ‘போகிறேன்’ என்பதற்கு ‘வோ’ என்றும், ‘இருக்கிறேன்’ என்பதற்குச் ‘சோ’ என்றும் பரவலாக வழங்கினர். துரத்தியவன் மாற்றிக்கொண்ட சொல்லைத் துரத்தப்பட்டவன் மாற்றாமல் காத்தான். வீட்டை இழந்தவர் கையில் மொழி மட்டுமே வீடாக எஞ்சும்போது, அதன் ஒரு மாத்திரையும் குறையாமல் காக்க அவர் முற்படுவது இயல்பே.

1943ஆம் ஆண்டு செர்மானிய நாசிப் படையினர் சலோனிகாவிலிருந்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட யூதரை ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்குத் தொடர்வண்டிகளில் அனுப்பினர். மிகப் பெரும்பாலோர் திரும்பவில்லை. ‘வோ’ என்று கூறிப் போனவர்களோடு அந்நகரில் அச்சொல்லும் ஏறத்தாழ அவிந்துபோயிற்று. 2015ஆம் ஆண்டு ஸ்பானிய நாடாளுமன்றம், வெளியேற்றப்பட்ட அம்மக்களின் வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை இயற்றியது. ஐந்நூற்று இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்துக் கதவு திறந்தது. ஆனால் ஒரு மொழியைப் பேசுவோர் குறைந்தபின் அம்மொழிக்குக் குடியுரிமை வழங்கச் சட்டத்தால் இயலுமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கலமேறிய இலக்கணம்

ஆயர் கூறிய வண்ணமே இலக்கணம் கலமேறியது. ஆனால் அவர் எண்ணிய திசையில் மட்டும் அன்று. வென்றவர் மொழியை வெல்லப்பட்டவர்க்குக் கற்பிப்பதற்கு மாறாக, வெல்லப்பட்டவர் மொழியை வென்றவர் கற்கும் நூல்களும் எழுந்தன. மெக்சிகோவில் அந்திரேஸ் தெ ஓல்மோஸ் நாகுவாத்தல் மொழிக்கு 1547இல் இலக்கணம் வரைந்தார். பெரு நாட்டுக் கெச்சுவா மொழிக்குத் தொமிங்கோ தெ சாந்தோ தோமாஸ் எழுதிய இலக்கணம் 1560இல் அச்சாயிற்று. இவற்றில் எல்லாம் இலத்தீன் இலக்கணத்தின் காலங்களும் நோக்குகளும் அளவுகோலாக நின்றன.

இதே அலை முத்துக்குளித்துறைக்கும் வந்தது. போர்த்துகீசியரான அண்டிரிக் அடிகளார் (1520–1600), 1549ஆம் ஆண்டளவில் தமிழுக்குப் போர்த்துகீசிய மொழியில் இலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டவரும் அவரே. 1540இல் ஜொவாவ் தெ பாரோஸ் வெளியிட்ட போர்த்துகீசிய இலக்கணத்தைத் துணையாகக் கொண்டு, தமிழ் வினைகளையும் ஏவல், விழைவு, சார்பு என்னும் இலத்தீன் நோக்குகளில் நிரல்படுத்தினார். தொல்காப்பியமும் நன்னூலும் வகுத்த முற்று, எச்சம் என்னும் பாகுபாடு அங்கே இல்லை. பிறர் அச்சில் வார்க்கப்பட்ட தமிழைப் பார்க்க நமக்கு விந்தையாக இருக்கும். எனினும் மக்கள் வாயில் அன்று வழங்கிய வினை வடிவங்களை அவர் செவிவழி கேட்டுப் பதிந்தமையால், அந்நூல் பேச்சுத் தமிழின் வரலாற்றுக்கு அரிய கருவூலமாயிற்று.

விடுதலைக்குப் பின் எழுந்த வினா

1713இல் மாட்ரிட்டில் ஸ்பானிய அரச அகாதெமி தோன்றியது. அதன் முதல் இலக்கணம் 1771இல் வெளிவந்தது. அடுத்த அரை நூற்றாண்டுக்குள் அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் பலவும் விடுதலை பெற்றன. அப்பொழுது எழுந்த வினா இது: ஆட்சி உடைந்தபின் மொழியும் உடையுமா? உரோமப் பேரரசு வீழ்ந்தபின் இலத்தீன் பல மொழிகளாகச் சிதறியது போல, ஸ்பானியமும் சிதறுமா?

இவ்வச்சத்தோடு எழுதுகோலை எடுத்தவர் அந்திரேஸ் பெல்யோ (1781–1865). கராகஸ் நகரிற் பிறந்து, இலண்டனில் பத்தொன்பது ஆண்டுகள் வறுமையில் உழன்று, சிலி நாட்டில் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராகி, அந்நாட்டின் குடியியல் சட்டத் தொகுப்பையும் உருவாக்கிய பெருமகன் அவர். 1841இல் வினையின் காலங்களைப் பற்றித் தனிநூல் வெளியிட்டார். 1847இல் அமெரிக்க மக்களுக்கான கஸ்தீலிய இலக்கணத்தை வெளியிட்டார். இலத்தீன் அச்சில் ஸ்பானியத்தை வார்ப்பதை மறுத்தார். ‘இரீயா’ போன்ற நிபந்தனை வடிவத்தைத் தனி நோக்காகக் கொள்ளாமல், ‘இறந்தகாலத்துக்குப் பிந்தியது’ எனக் காலத்தின் வரிசையிலேயே வைத்தார். ‘வருவேன் என்றான்’ என்பதில் வரும் ‘வருவேன்’ சொல்லிய நேரத்துக்குப் பிந்தியது அன்றோ? அதைப் போன்றது அவர் கருத்து. அகாதெமி நெடுங்காலம் அதனைத் தனி நோக்காகவே கொண்டிருந்து, 1973இல் வெளியிட்ட இலக்கண வரைவில்தான் செய்தி நோக்கில் சேர்த்தது.

சிலிக்கும் வெனிசுவேலாவுக்கும் தத்தம் வழக்குகளைக் காக்கும் உரிமை, ஸ்பெயினின் அரகோனுக்கும் அந்தலூசியாவுக்கும் உள்ளது போன்றே உண்டு என வாதிட்டவர் பெல்யோ. அவரே, முன்னிலை ஒருமைக்கு ‘வோஸ்’ என வழங்கும் மக்கள் வழக்கை ஏற்காமல் கண்டித்தார் என்பதும் உண்மை. ஆனால் மக்கள் இலக்கண ஆசிரியரைக் கேட்டுப் பேசுவதில்லை. அர்செந்தீனாவில் இன்று ‘வோஸ்’ என்பதே பொதுவழக்கு. அவ்வழக்கில் ஒவ்வொரு வினைக்கும் தனி ஏவல் வடிவம் உண்டு. ‘ஈர்’ வினைக்கு மட்டும் இல்லை. விதிப்படி அமைத்தால் எஞ்சுவது ஒற்றை ‘ஈ’. எனவே அம்மக்கள் ‘நடத்தல்’ என்னும் பொருளுடைய வினையிலிருந்து ‘அந்தா’ என்னும் சொல்லைக் கடன்வாங்கிப் ‘போ’ என்னும் பொருளில் வழங்குகின்றனர். உரோமானியன் செய்ததையே புவெனோஸ் ஐரெஸ் நகரத்தானும் செய்தான். ஓரெழுத்தாய்த் தேய்ந்த ஏவல் இருமுறை கைவிடப்பட்டு, இருமுறையும் வேற்றடி வந்து காத்தது. வரலாறு திரும்பவும் நிகழும் என்பதற்கு இதனினும் சிறிய சான்று கிடைத்தல் அரிது.

அணையும் வடிவமும் நுழையும் வடிவமும்

‘ஃபுவேரே’ என்னும் சார்பு நோக்கு எதிர்காலம் இடைக்காலக் கஸ்தீலியத்தில் செழித்திருந்தது. இனி நிகழக்கூடிய ஒன்றை நிபந்தனையாகக் கூறுதற்கு உரிய வடிவம் அது. இன்று பேச்சில் அஃது இல்லை. பழமொழிகளிலும் ‘எதுவாயினும் ஆகுக’ என்பது போன்ற உறைந்த தொடர்களிலும், சட்ட நூல்களிலும் மட்டுமே உயிர்வாழ்கிறது. 1995ஆம் ஆண்டின் ஸ்பானியக் குற்றவியல் சட்டமும், கொலைக்குரிய தண்டனையைக் கூறும் பிரிவில் ‘கொல்பவன்’ என்பதை இவ்வடிவத்திலேயே கூறுகிறது. மக்கள் மறந்த சொல்லை நீதிமன்றம் மறக்கவில்லை.

எதிர்காலமாகிய ‘இரே’ போன்ற வடிவங்களையும் இன்று வேறொன்று நெருக்குகிறது. ‘செய்யப் போகிறேன்’ என நாம் கூறுவது போலவே, ஸ்பானியரும் ‘வோய்’ என்பதைத் துணைவினையாக்கி எதிர்காலத்தை உரைக்கின்றனர். போதல் வினை பிற வினைகளின் எதிர்காலத்தையும் தோளில் சுமக்கத் தொடங்கிவிட்டது.

அகாதெமியும் மக்கள் வழக்கிற்கு ஒருமுறை தலைசாய்த்தது. ‘போய்விடுங்கள்’ என்னும் ஏவலுக்கு இலக்கணம் விதித்த வடிவம் ‘ஈதோஸ்’. ஸ்பெயினில் பேச்சில் மிகுதியாக வழங்கியதோ ‘ஈரோஸ்’. நெடுங்காலம் வழு எனத் தள்ளப்பட்ட ‘ஈரோஸ்’ வடிவத்தை 2017இல் அகாதெமி ஏற்றுக்கொண்டது. இவ்விலக்கு இவ்வொரு வினைக்கே உரியது; பிற வினைகளுக்கு அன்று. ஒழுங்கற்ற வினைக்கு மேலும் ஓர் ஒழுங்கின்மை சட்டப்படி வழங்கப்பட்டது எனலாம்.

முடிவாக

பழைய ஸ்பானியத்தில் ‘பிறந்தான்’ என்பதற்கு ‘நாஸ்கோ’ என்றும் ‘வாழ்ந்தான்’ என்பதற்கு ‘விஸ்கோ’ என்றும் விதிக்கு அடங்காத வடிவங்கள் இருந்தன. காலப்போக்கில் அவை ஒழுங்கு வாய்பாட்டுக்குள் அடங்கிவிட்டன. பிறத்தலும் வாழ்தலும் ஒழுங்காயின. இருத்தலும் போதலும் மட்டும் ஒழுங்காகவில்லை. காரணம் எளியது. ஒருவன் பிறந்ததைச் சிலவேளை பேசுகிறோம். இருப்பதையும் போவதையும் ஓயாமல் பேசுகிறோம். ஓயாமல் பேசப்படும் சொல் விதியால் ஆக்கப்படுவதில்லை. முழு வடிவமாகவே தாய் வாயிலிருந்து மகவின் செவிக்கு இறங்குகிறது. ஆகவே அது மாறுவதில்லை. ஒழுங்கற்றது என இகழப்படும் வடிவம், மிகுதியாக அன்பு செய்யப்பட்ட வடிவமே ஆகும்.

நம் வட்டம் பத்தாண்டுகளாக மாதந்தோறும் கூடிச் சொற்களை எடைபோட்டு வருகிறது. ‘இச்சொல் வழு, இச்சொல் வழக்கு’ என நம்மிடையே நிகழ்ந்த வாதங்களுக்குக் கணக்கில்லை. வழுக்களைந்து எழுதுதல் கடமை என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அதனைக் கற்பிப்பதே என் தொழில். எனினும் ஒரு சொல்லைத் தள்ளுமுன், அஃது எவ்வழியாக நம்மிடம் வந்தது, யார் அதனைச் சுமந்து வந்தனர் என ஒருமுறை வினவுதல் நன்று. ஆட்சியின் துணை எனப் புகழப்பட்ட இலக்கணம் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் மறுபதிப்புக் காணாமல் கிடந்தது. ஓர் ‘இ’ குறைந்த சொல்லோ, யாதோர் ஆட்சியும் துணைநில்லாமல், ஏதிலியர் நாவில் ஐந்நூறு ஆண்டுகள் வாழ்ந்தது. எது நிலைக்கும் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் அரசிடமும் இல்லை, ஆசிரியரிடமும் இல்லை. அதனை நாள்தோறும் சொல்லிக்கொண்டிருப்பவரிடமே உள்ளது.